பள்ளிவாசலில் 'இயேசு மினாரா'... டமாஸ்கஸில் இப்படி ஒரு பெயர் ஏன்?

சிரியா தலைநகர் டமாஸ்கஸில் உள்ள உமய்யா பள்ளிவாசலின் தென்கிழக்கு மூலையில் உயர்ந்து நிற்கும் மினாராவுக்குப் பெயர் 'ஈசா மினாரா'. ஈசா என்றால் வேற யாரும் இல்லை, இயேசுதான்.

பள்ளிவாசலில் இயேசு பெயரா?

இஸ்லாத்தில் ஈசா நபி முக்கியமான இறைத்தூதர். ஆனால், அவர் இறைமகன் என்பதையும் சிலுவையில் இறந்தார் என்பதையும் முஸ்லிம்கள் ஏற்பதில்லை. இறைவன் அவரை உயர்த்திக்கொண்டான், உலக முடிவுக்கு முன் திரும்பி வருவார் என்பது அவர்கள் நம்பிக்கை. டமாஸ்கஸின் கிழக்கே வெள்ளை மினாரா அருகே இறங்குவார் என்கிறது ஹதீஸ். அது இந்த மினாராதான்னு நம்புறவங்க நிறைய.

இந்த இடத்தின் கதை என்ன?

ரோமானியர் காலத்தில் இங்கே ஜூபிடர் கோயில் இருந்தது. அடுத்து யோவான் தேவாலயம். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீஃபா முதலாம் வலீத் அந்தத் தேவாலயத்தை இடித்து பள்ளிவாசல் கட்டினார். ஆனாலும் யோவானின் நினைவு அழியவில்லை. அவரது தலை அடக்கமானதாக நம்பப்படும் சமாதி இன்றும் உள்ளே இருக்கு. முஸ்லிம்களுக்கு அவர் யஹ்யா நபி.

2001 மே மாதம் போப் இரண்டாம் ஜான் பால் இங்கு வந்தார். பள்ளிவாசலுக்குள் சென்ற முதல் போப் அவர்தான்.

இயேசு யார் என்பதில் இரு மதங்களும் ஒத்துப்போகவில்லை. ஆனா, அவர் திரும்பி வருவார்னு ரெண்டு பேருமே காத்திருக்காங்க.