940 வெள்ளி கட்டினாலும் கல்லறை 15 ஆண்டுக்குத்தான்

சிங்கப்பூர் சுவா சூ காங் இடுகாட்டில் 2010 வாக்கில் அடக்கம் செய்யப்பட்டவர்களுக்கு 15 ஆண்டுக் கெடு இப்போது நிறைகிறது. அதையொட்டி வரும் வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி: “அன்றே 940 வெள்ளி கட்டிவிட்டோமே, இடம் எங்களுடையதுதானே?” இல்லை. நீங்கள் கட்டியது நிலத்தின் விலை அல்ல, தவணை முடிந்தால் காலி செய்ய வேண்டிய வாடகை.

1998 முதல் இதுவே விதி. காலம் முடிந்த கல்லறைகளைக் கட்டங்கட்டமாகத் தோண்டுகிறார்கள். எஞ்சியதை எரித்துச் சாம்பலை அஸ்தி மாடத்தில் வைக்கலாம். எரிப்பதை மதம் ஏற்காது என்றால் மறுபடி புதைப்பார்கள். நாட்டில் இன்னும் அடக்கத்துக்குத் திறந்திருக்கும் இடுகாடு இது ஒன்றுதான். 2007 முதல் கான்கிரீட் அறைகளை முன்கூட்டியே குழியில் நெருக்கமாக இறக்கி வைத்துவிடுவதால், அதே நிலத்தில் கூடுதல் பேருக்கு இடம் கிடைக்கிறது.

என்னை உறுத்துவது கட்டணப் பட்டியல். பெரியவர் ஒருவரை அடக்கம் செய்யக் கிறிஸ்தவருக்கும் இந்துவுக்கும் 940 வெள்ளி. முஸ்லிமுக்கும் யூதருக்கும் பார்சிக்கும் 315. இடுகாடு ஒன்றே, கெடுவும் ஒன்றே. உங்கள் மதம் எரிக்க அனுமதிக்கிறதா என்பதுதான் பட்டியலைப் பிரிக்கும் கோடு. அனுமதிக்காதவருக்குப் புதைப்பது கடமை, மற்றவருக்கு அது விருப்பம். விருப்பத்துக்கு மும்மடங்கு விலை. நிலம் இல்லை என்ற அரசின் வாதத்தை ஏற்கலாம். ஆனால் எது கடமை என்று வகுப்பது யார்? வீரசைவரைப் போல வழிவழியாகப் புதைக்கும் இந்துக்கள் உண்டு. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றப் போகும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்துக்கும் அந்தக் கல்லறை வெறும் விருப்பம் அல்ல. இறந்தவரின் மனம் எதை நாடியது என்பதற்குப் பட்டியலில் இடமே இல்லை, மதத்தின் பெயருக்கு மட்டும்தான்.

தகனம் மலிவு என்கிறார்கள். அரசாங்கக் கட்டணத்தைப் பொறுத்தவரை உண்மை: மண்டாயில் பெரியவர் ஒருவரைத் தகனம் செய்ய 100 வெள்ளி, சாதாரண மாடம் 500. ஆனால் குடும்பத்தை அழுத்துவது அந்தத் தொகை இல்லை. புளோக் கீழ்த்தளத்தில் போடும் கூடாரம், பெட்டி, பூ, பேருந்து, சடங்கு செய்பவருக்கான தட்சிணை என்று ஆயிரக்கணக்கில் போகிறதே, அது எரித்தாலும் புதைத்தாலும் வரும். சேவை நிறுவனத்திடம் ஒவ்வொன்றுக்கும் தனி விலை கேட்டு எழுதி வாங்குங்கள். மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மற்றக் கேள்விகள்:

மாடத்தின் இடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாமா? கூடுதலாக 250 வெள்ளி.

இருவர் அஸ்திக்கு? குடும்ப மாடம், 900 வெள்ளி.

மாடமே வேண்டாம் என்றால்? சுவா சூ காங்கில் 2021இல் திறந்த அமைதிப் பூங்காவில் சாம்பலைத் தூவலாம், 320 வெள்ளி.

கடலில்? புலாவ் செமாக்காவுக்குத் தெற்கே ஏறத்தாழ 2.8 கிலோமீட்டரில், காலை 7 முதல் மாலை 7 வரை.