நாலாவது ஆள் எங்கே உக்காருவார்?

போன வாரம் எங்க லேப் கணினிகளை அப்டேட் பண்ணாங்க. மறுநாள் காலையில என் சிமுலேஷன் நிரலை ஓட்டினா திரையில ஒரே வரி: "செக்மென்டேஷன் ஃபால்ட்". கோடில் ஒரு எழுத்துகூட நான் மாத்தலைங்க! தீசிஸ் கொடுக்க மூணு வாரம்தான் பாக்கி. ரெண்டு நாள் என்னையே சந்தேகப்பட்டு நோண்டினதுல கடைசியா தெரிஞ்சது, குத்தம் நான் நம்பியிருந்த ஒரு சின்ன லைப்ரரியோட புதுப் பதிப்புல.

ஷேர்டு லைப்ரரி, நிரல் தொடங்கும்போதுதான் வந்து ஒட்டிக்கும். பல நிரல்களுக்கு ஒரே பிரதி போதும். பாதுகாப்பு ஓட்டை இருந்தா ஒரே இடத்துல அடைச்சுடலாம். வசதிதான். சிக்கல் எங்கேன்னா, கம்பைல் பண்ணும்போதே என் நிரல் ஒரு கணக்கு போட்டு வெச்சிருக்கும். ரயில்ல ஒரு குடும்பத்துக்கு மூணு சீட் ரிசர்வ் பண்ண மாதிரி. சி++ வகுப்புல லைப்ரரிக்காரர் புதுசா ஒரு மாறியைச் சேர்த்தா, குடும்பம் நாலு பேரா வந்து நிக்கும். நாலாவது ஆள் பக்கத்து சீட்காரர் மடியில உக்காந்துடுவார். நினைவகத்துல அந்தப் பக்கத்து சீட்டு வேற யாரோடதோ!

இதுக்கு ஒழுங்கா விதி எழுதி வெச்சவங்க கேடிஈ ஆட்கள். ட்யூபிங்கன் பல்கலைக்கழக மாணவரா இருந்த மத்தியாஸ் எட்ரிச் 1996 அக்டோபர் 14 அன்னிக்கு ஆரம்பிச்ச திட்டம். வகுப்புக்குள்ள ஒரே ஒரு சுட்டி மட்டும் வை, மாறிகளை எல்லாம் அது காட்டுற தனி இடத்துல ஒளிச்சு வைங்கறது அவங்க வழி. பேரு டி-பாயின்டர் (இவங்க கண்டுபிடிப்பு இல்ல, க்யூட்டியிலயும் உண்டு). உள்ளே எத்தனை பேர் சேர்ந்தாலும் வெளியே அதே சீட்டுதான். அதையும் மீறி மாத்தியே ஆகணும்னா லைப்ரரியோட பதிப்பு எண்ணைக் கூட்டணும். அப்போ பழைய நிரல் புதுசுகூட ஒட்டாது. என் லைப்ரரிக்காரர் ரெண்டையும் பண்ணலை.

அளவே மாறாமலும் வம்பு வரலாம். 2010-ல் ஃபெடோரா 14 வந்தப்போ சிலருக்கு ஃப்ளாஷ்ல பாட்டு கரகரன்னு கேட்டுது. காரணம், க்ளிப்சியில மெம்காப்பியை வேகமாக்கி, சில இன்டெல் சிப்கள்ல பின்னாலிருந்து நகலெடுக்க வெச்சிருந்தாங்க. ஒண்ணு மேல ஒண்ணு படியுற இடங்களுக்கு மெம்காப்பி கூடாது, மெம்மூவ்தான்னு சி தரநிலை தெளிவாவே சொல்லுது. ஃப்ளாஷ் அதை மீறியிருந்தது. அப்போ க்ளிப்சியைப் பராமரிச்ச உல்ரிக் ட்ரெப்பர் ஜெர்மன்காரர். சட்டப்படி அவர் பக்கம் தப்பே இல்ல. லினஸ் டோர்வால்ட்ஸ் விடலை. நேத்து வரைக்கும் ஓடினதைக் கெடுத்துட்டு தரநிலையைக் காட்டுறது பயனருக்கு எதுக்குன்னு மல்லுக்கு நின்னார். 2011-ல் வந்த க்ளிப்சி 2.14, மெம்காப்பிக்கு ரெண்டு பதிப்பு வெச்சது: பழைய நிரலுக்குப் பழைய பழக்கம், புதுசுக்குப் புதுசு. என் ஓட்டு லினஸுக்குத்தான்.

அந்தக் கதையில எனக்கு வயித்தைக் கலக்குறது வேற விஷயம். ஃப்ளாஷ் கிராஷே ஆகலை, தப்பா மட்டும் பாடுச்சு. நான் நிரலை மறுபடி கம்பைல் பண்ணிட்டேன், இப்போ ஓடுது. ஆனா அப்டேட் ஆன அன்னிக்கு ராத்திரி தொடங்கின ரெண்டு ரன், விழாம முழுசா ஓடி முடிஞ்சிருக்கு. எண்களும் பார்க்க அழகாத்தான் இருக்கு. தீசிஸ்ல மூணாம் அத்தியாயத்துல போட்டும் ஆச்சு. ரெண்டையும் திரும்ப ஓட விட்டிருக்கேன், நாளைக்குக் காலையில தெரியும்.