நாளொன்றின் வேலைக் கணக்கு

கட்டட வேலையொன்று குறித்த தவணைக்குள் முடிவடையாதபோது, மழையையும் பணத்தட்டுப்பாட்டையும் காரணமாகக் காட்டுவது எங்கும் வழக்கமாக உள்ளது. ஆனால் ஆறு மாதத் தாமதம் ஒரே நாளில் வந்து சேர்வதன்று. திங்களன்று கதவுநிலை வந்து சேராமையால் அரை நாள், புதனன்று கலவைப் பொறி பழுதுற்றமையால் கால் நாள் என, எவரும் கவனியாத சிறு சிறு இழப்புக்களே திரண்டு மாதங்களாகின்றன. சிறு துளி பெரு வெள்ளம் என்னும் பழமொழி வரவுக்கு மட்டுமன்றி நட்டத்துக்கும் பொருந்தும். ஆதலால், அன்றன்று செய்யவேண்டிய வேலையை முற்கூட்டியே வரையறுத்து, மாலையில் முடிந்ததை அதனுடன் ஒப்பிட்டறியும் வழியைக் கட்டடத் துறையினர் நெடுங்காலமாகத் தேடி வந்துள்ளனர். இக்காலத்தில் அப்பணி கணினி மென்பொருளிடம் ஒப்படைக்கப்படுகின்றது. அம்மென்பொருள் எதைக் கேட்க வேண்டும், எதைப் பதிய வேண்டும் என்பது வெறும் கணக்கெழுத்து வேலையாகத் தோன்றலாம். உண்மையில் அது மனிதர் உயிரையும் தொட்டு நிற்கும் வினாவாகும்.

கணினி தோன்றுவதற்கு முன்னரே இவ்வினா எழுந்துவிட்டது. அமெரிக்கரான பிராங் கில்பிரெத் இளமையில் செங்கல் அடுக்கும் தொழிலைப் பயின்று, பின்னர் ஒப்பந்தகாரரானவர். மேசன் ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்து நிமிர்வதை அவர் கண்டார். கல்லும் சாந்தும் எப்பொழுதும் கையெட்டும் உயரத்தில் இருக்குமாறு, சுவரோடு கூடவே உயர்த்தத்தக்க சாரத்தை அமைத்தார். ஒரு கல்லை வைப்பதற்கு வேண்டியிருந்த 18 அசைவுகள் 5 ஆகக் குறைந்தன. மணிக்கு 120 கல் வைத்தவர் 350 கல் வைக்கலாயினர் என 1911இல் வெளிவந்த பிரெடெரிக் ரெயிலரின் நூல் கூறுகின்றது. ஒரு நாளின் வேலையளவு தொழிலாளியின் விரைவை மட்டும் பொறுத்ததன்று. அவன் கைக்குப் பொருள் எவ்வாறு வந்து சேர்கின்றது என்பதையும் பெரிதும் பொறுத்தது என்பது இதனாற் புலனாயிற்று.

இவ்வுண்மையைப் பேரளவில் மெய்ப்பித்தது நியூயோர்க் நகரின் எம்பயர் ஸ்ரேற் கட்டடம். 1930 மார்ச்சில் கட்டத் தொடங்கிய அந்த 102 மாடிக் கட்டடம் 1931 மே முதலாம் நாள் திறந்து வைக்கப்பட்டது. அதன் உருக்குச் சட்டகம் வாரத்துக்கு ஏறத்தாழ நாலரை மாடி வீதம் உயர்ந்தது. ஒரு கோடி அளவிலான செங்கற்கள் தெருவிற் கொட்டிக் குவிக்கப்படவில்லை. அவை நிலவறையிலிருந்த பெருந்தொட்டிகளில் இறக்கப்பட்டு, அங்கிருந்து மேல்மாடிகளுக்கு ஏற்றப்பட்டன. மாடிகளிற் போடப்பட்ட சிறு தண்டவாளங்களின்மீது தள்ளுவண்டிகள் ஓடிப் பொருளை வேண்டிய இடத்திற் சேர்த்தன. எப்பொருள் எம்மாடிக்கு எப்போது ஏறவேண்டும் என்பதற்கு நாள்தோறும் அட்டவணை இருந்தது.

1957ஆம் ஆண்டளவிற் கணினி இத்துறையிற் புகுந்தது. எந்த வேலை ஒரு நாள் பிந்தினால் முழுத் திட்டமும் ஒரு நாள் பிந்தும் என்பதைக் கணித்துக் காட்டும் முறையை, டுபொன்ற் நிறுவனத்தைச் சேர்ந்த மோர்கன் வோக்கரும் றெமிங்ரன் றான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெலியும் வகுத்தனர். நூற்றுக்கணக்கான வேலைகளின் முன்பின் தொடர்பை யூனிவக் கணினி ஆராய்ந்து விடை கூறியது. ஆயினும் அலுவலகத்தில் அச்சான அட்டவணைக்கும் தளத்தில் நிகழும் வேலைக்கும் இடையிலிருந்த பிளவு மறைந்துவிடவில்லை.

அப்பிளவை அளந்து பார்த்தவர்கள் கிளென் பலாட், கிறெகரி ஹவல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர். வாரத் தொடக்கத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட வேலைகளுள், சொன்னபடி முடிந்தவை பாதிக்குச் சற்று மேற்பட்டவையே என 1990களில் அவர்கள் கண்டனர். இதற்குக் காரணம் சோம்பலன்று. செய்யவேண்டியது, செய்யத்தக்கது, செய்வதாக ஒப்புக்கொண்டது, செய்துமுடித்தது என வேலைக்கு நான்கு நிலைகள் உண்டு. அலுவலகத்து அட்டவணை முதலாவது நிலையை மட்டுமே அறியும். அது செய்யத்தக்கதா என்பதை அறிந்தவர், தொழிலாளர் குழுவுக்கு நேரே வேலை பிரித்துக் கொடுக்கும் மேற்பார்வையாளரே. ஆதலின் அவரையே இறுதித் திட்டமிடுபவராகக் கொள்ள வேண்டும் என்பது பலாட்டின் கொள்கை. அக்கொள்கையை விளக்கும் அவருடைய ஆய்வேடு 2000ஆம் ஆண்டிற் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திற் சமர்ப்பிக்கப்பட்டது.

செய்யத்தக்கது என்பதன் பொருளைப் பின்லாந்து நாட்டவரான லௌரி கொஸ்கெலா 1999இல் ஒரு சிறு கணக்கினால் விளக்கினார். எந்தக் கட்டட வேலைக்கும் ஏழு தேவைகள் உண்டு: வரைபடம், பொருள், ஆட்கள், கருவி, நின்று வேலை செய்ய இடம், முடிந்திருக்கவேண்டிய முன்வேலை, காலநிலை முதலான புறநிலை. இவற்றுள் ஒவ்வொன்றும் நூற்றுக்கு 95 தடவை தவறாது கிடைக்கும் எனக் கொண்டாலும், ஏழும் ஒரே நாளில் ஒருங்கே கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 70 மட்டுமே. எஞ்சிய 30 தடவைகளிலும் தொழிலாளி உழைக்க ஆயத்தமாக நிற்பான், உழைப்பதற்கு வழியிராது.

மென்பொருள் எதை அளக்கவேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டினால் அறியலாம். இரண்டு மேசன்மாரும் அவர்தம் உதவியாளரும் 80 சதுர மீற்றர்ச் சுவரை ஐந்து நாளில், நாளுக்கு 16 சதுர மீற்றர் வீதம் கட்டுவதாக ஒப்புக்கொள்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் கதவுநிலை வந்து சேராமையால் 9 சதுர மீற்றரே முடிகின்றது. மற்றைய நாட்களில் இலக்கு நிறைவேறுகின்றது. அளவை மட்டும் கூட்டினால் 73 சதுர மீற்றர், அஃதாவது நூற்றுக்கு 91 பங்கு முடிந்தது என்று கணினி மெச்சும். ஆனால் ஆறாம் நாட் காலையில் பூச்சு வேலைக்கு வரும் குழு, முடியாத சுவரைக் கண்டு காத்து நிற்கின்றது. அக்குழுவுக்கு 91 பங்கு முடிந்த சுவரும் முடியாத சுவரே. எனவே முடிந்த அளவையும், காப்பாற்றிய வாக்கையும் தனித்தனியே கணக்கிடல் வேண்டும். வாக்குக் கணக்கில் ஐந்து நாளுள் நான்கு, அஃதாவது நூற்றுக்கு 80. அங்கே ஏறக்குறைய முடிந்தது என்பதற்கு இடமில்லை. முடிந்தது, முடியவில்லை என்ற இரண்டே உண்டு.

செய்யத்தக்கதா என்று கேளாமல் நாளிலக்கை மட்டும் பின்தொடர்ந்தால் நேரக்கூடிய கேட்டுக்கு, அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்து வில்லோ ஐலண்ட் என்னும் ஊர் சான்றாகும். அங்கே மின்னிலையத்துக்கான குளிர்விப்புக் கோபுரம் ஒன்று கொங்கிறீட்டினால் எழுப்பப்பட்டு வந்தது. நாளொன்றுக்கு 5 அடி உயரமுள்ள ஒரு வளையம் வார்க்கப்பட்டது. சாரம் நிலத்தில் ஊன்றப்படாது, முன்னர் வார்த்த கொங்கிறீட்டிலேயே பூட்டப்பட்டிருந்தது. 1978 ஏப்பிரில் 27ஆம் நாட் காலை, முதல் நாள் வார்த்த வளையம் சாரத்தின் பாரத்தைத் தாங்கமாட்டாது பெயர்ந்தது. சாரம் முழுவதும் சரிந்தது. 51 தொழிலாளர் உயிரிழந்தனர். குளிர்ந்த காலநிலையில் அந்தக் கொங்கிறீட் போதிய வலிமை பெறுமுன்னரே அதன்மேற் பாரம் ஏற்றப்பட்டது என அரசின் ஆய்வு கண்டது. நாளொன்றுக்கு ஒரு வளையம் என்னும் இலக்கு அதுவரை நிறைவேறியே வந்தது. முதல் நாட் கொங்கிறீட் இறுகிவிட்டதா என்பதே அன்று காலை கேட்கப்படவேண்டியிருந்த கேள்வி.

இவற்றிலிருந்து நல்ல மென்பொருளின் இலக்கணம் தெளிவாகின்றது. முதலாவதாக, அது மாலையில் முடிந்ததா என்று கேட்பதற்கு முன் காலையில் முடியுமா என்று கேட்கவேண்டும். ஏழு தேவைகளும் நிறைவுறாத வேலையை அன்றைய பட்டியலில் அது ஏற்கலாகாது. கொங்கிறீட் இறுகவேண்டிய காலமும் சோதனை முடிவும் எந்த மேலதிகாரியும் ஒரு விரலசைவினாற் கடந்துவிட முடியாத தடைகளாக அமைதல் வேண்டும். இரண்டாவதாக, வேலையின் அளவை நூற்றுவீதத்திற் கேளாது, கண்ணாற் கண்டு அளக்கத்தக்க அலகிற் கேட்கவேண்டும். சுவருக்குச் சதுர மீற்றர், வார்ப்புக்குக் கன மீற்றர், குழாய்க்கு நீளம், கதவுக்கு எண்ணிக்கை என அலகுகள் வேறுபடும். எந்த மாடி, எந்த அறை என்னும் இடக்குறிப்பும் உடன் வேண்டும். மூன்றாவதாக, இலக்குத் தவறியபோது காரணத்தைக் கேட்கவேண்டும். ஏழு தேவைகளையொட்டிய சிறு பட்டியலே அதற்குப் போதும். பலவாரக் காரணங்களைத் தொகுத்து நோக்கின், நோய் எங்குள்ளதென்பது வெளிப்படும்.

வேறு சில நடைமுறைத் தேவைகளும் உண்டு. தூசியும் வெயிலும் நிறைந்த இடத்தில், சீமெந்து படிந்த கையோடு நிற்பவர் நீண்ட படிவங்களை நிரப்பமாட்டார். அவர் பேசும் மொழியில், சில நொடியில் முடியும் பதிவே வேண்டப்படுவது. நிலவறையிலோ தொலைவிடத்திலோ இணையத் தொடர்பு அற்றுப்போனாலும், கைத்தொலைபேசி பதிவைக் காத்து வைத்துப் பின்னர் அனுப்பவேண்டும். ஒருமுறை பதிந்த இலக்கு பின்னர் மாற்றப்படின், பழைய எண் அழியாது, மாற்றியவர் பெயரும் நாளும் அதனருகே நிற்கவேண்டும். எஞ்சிய வேலையை எஞ்சிய நாட்களாற் பிரித்துப் புதிய நாளளவைக் கணினி அறிவிக்கலாம். ஆனால் 16 சதுர மீற்றருக்கு ஒப்புக்கொண்ட குழுவின்மீது, அதனைக் கேளாமலே 23ஐச் சுமத்துவது திட்டமிடுதல் ஆகாது.

இவை யாவற்றுக்கும் அடியில் நம்பிக்கை என்ற ஒன்று உள்ளது. தவறிய இலக்குக்காகத் தண்டிக்கப்படும் மேற்பார்வையாளர் இரண்டு வழிகளைக் கற்றுக்கொள்வார். முடியாததை முடிந்ததென்று பதிவது ஒன்று. எளிதில் முடியும் சிற்றளவுக்கே ஒப்புக்கொள்வது மற்றொன்று. இரண்டினாலும் திரையிலே தோன்றும் எண்கள் அழகு பெறும். தளத்திலே நிற்கும் சுவர் மாறாது. ஆதலின் பதிவேடு கூலி வெட்டுவதற்குப் பயன்படலாகாது. கதவுநிலை வாராத நாளிலே கேள்விக்குரியவர் மேசன் அல்லர்; அதனைத் தருவிக்கும் பொறுப்புடையவரே.

இன்று இந்த வேலையைத் தொடங்க இயலாது என்று ஒரு மேற்பார்வையாளர் அச்சமின்றிப் பதியவும், அப்பதிவைக் கண்ட பொறியியலாளர் அன்றே தடையை நீக்க முற்படவும் செய்யுமாயின், மென்பொருள் தன் கடமையைச் செய்ததாகும். அத்தகைய பதிவு அன்றைய கணக்கில் ஒரு குறையாகவே காட்சியளிக்கும். ஆனால் வீணாகவிருந்த பல நாட்களையும், சில வேளை பல உயிர்களையும் காப்பது அக்குறையே.