உணவு வைப்பவரால்தான் பூனையைப் பிடிக்க முடியும்

தெருப்பூனைகளுக்கு உணவு வைப்பவர்களின் வேலையைப் புரிந்துகொள்ளச் சிங்கப்பூரைவிட நல்ல சான்று இல்லை. அந்நாட்டில் ஐந்தில் ஏறக்குறைய நான்கு பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். 1989 முதல் அந்த வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 அன்றுதான் நீங்கியது. இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் புளோக்குகளின் கீழ்த்தளத்தில் திரிந்த பூனைகளுக்கு வேளை தவறாமல் உணவு வைத்தவர்களும், நோய் கண்டால் மருத்துவரிடம் தூக்கிப்போனவர்களும், பலமுறை சொந்தப் பணத்தில் கருத்தடை செய்வித்தவர்களும் சட்டப்படி அவற்றின் உரிமையாளர்கள் அல்லர். அவர்களைப் புகழ்கிறவர்களும் சரி, ஏசுகிறவர்களும் சரி, அவர்களது இரக்கத்தை மட்டுமே பார்க்கிறார்கள். அவர்கள் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும் என்கிறேன். தெருப்பூனைகள் பெருகாமல் தடுக்க நினைக்கும் எந்த நகரத்துக்கும் அவர்களை விட்டால் வழியில்லை.

இதற்குக் காரணம் பூனையின் உடம்பிலேயே இருக்கிறது. பெண்பூனை ஐந்தாறு மாதத்திலேயே கருத்தரிக்கும். சுமார் ஒன்பது வாரத்தில் குட்டி போடும். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைப்படவும் கூடும். குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் பூனைகளின் இனப்பெருக்கம் ஓய்ந்துவிடும். பூமத்தியரேகையை ஒட்டிய சிங்கப்பூரில் பகல் ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே நீளம், ஆகவே அந்த ஓய்வும் இல்லை. கூட்டத்தில் பெரும்பாலானவற்றுக்குக் கருத்தடை நடந்தால்தான் எண்ணிக்கை இறங்கும். ஒன்றிரண்டு தப்பினாலும் புதிய குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும். அந்த ஒன்றிரண்டைப் பிடிப்பதுதான் கடினம். அந்நியரைக் கண்டதும் பூனை வாய்க்காலுக்குள் புகுந்துவிடும். எது புதிதாக வந்தது, எதன் வயிறு கனத்திருக்கிறது, எது இரண்டு நாளாக வரவில்லை என்பதெல்லாம் நாள்தோறும் தட்டு வைப்பவருக்கே தெரியும். கூண்டுக்குள் வைக்கும் தீனியை நம்பிப் பூனை நுழைவதும் அவரிடம் உள்ள பழக்கத்தால்தான். கருத்தடை முடிந்ததற்கு அடையாளமாக இடக்காது நுனி வெட்டப்பட்ட ஒவ்வொரு பூனைக்கும் பின்னால் இப்படி ஒருவர் இருப்பது வழக்கம்.

பிடித்துக் கொன்றுவிட்டால் போயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. சிங்கப்பூர் அதையும் செய்து பார்த்தது. 1998-இல் தொடங்கிய கருத்தடைத் திட்டத்தை 2003-இல் சார்ஸ் பீதியின்போது அரசு கைவிட்டு, தெருப்பூனைகளைப் பிடித்துக் கொன்றது. பூனைகளிடமிருந்து மனிதருக்கு அந்நோய் பரவியதற்குச் சான்று ஏதும் இருக்கவில்லை. கொன்றும் பூனைகள் தீரவில்லை. 2011-இல் கருத்தடைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாக் காடுகளில் நடந்த ஆய்வொன்று 2015-இல் வெளியானது. அங்கங்கே சில பூனைகளைக் கொன்ற இடங்களில் பூனை நடமாட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. இடம் காலியானதும் சுற்றுவட்டாரத்துப் பூனைகள் வந்து சேர்ந்திருக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம்.

உணவு வைப்பதால்தான் பூனைகள் பெருகுகின்றன என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. கருத்தடை செய்யாமல் உணவு மட்டும் வைப்பது பெருக்கத்துக்குத் துணைபோவதுதான்; அதை நான் ஆதரிக்க மாட்டேன். பறவைகளைப் பற்றிய குற்றச்சாட்டு இன்னும் கனமானது. அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்வதாக 2013-இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் பெரும்பகுதி உரிமையாளர் இல்லாத பூனைகளின் வேலை. கருத்தடை செய்த பூனையும் வேட்டையாடும். அதனால் இயற்கைக் காப்பகங்களின் ஓரத்தில் தட்டு வைக்கக்கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. அங்கிருக்கும் பூனைகளுக்கு வீடு தேட வேண்டும். ஆனால் இந்த வாதத்திலிருந்து கிடைப்பது குட்டிகள் பிறக்காமல் பார்த்துக்கொள்ள இன்னும் வலுவான காரணம். அந்த வேலைக்கு மறுபடியும் அதே மனிதர்தான் வேண்டும். மிச்ச உணவும் நாற்றமும் எறும்பும் பற்றிய புகார் நியாயமானது, தீர்க்கவும் எளிது. சிங்கப்பூரில் பூனைக்கு உணவிடுவது குற்றமல்ல, குப்பை போடுவதுதான் குற்றம். தட்டில் வைத்து, தின்று முடிக்கும்வரை நின்று, துடைத்து எடுத்துப்போனால் புகாருக்கு இடமிருக்காது.

அவ்வளவு அக்கறையென்றால் வீட்டுக்குக் கொண்டுபோ என்று அவர்களிடம் சொல்லப்பட்ட காலம் முழுவதும், கொண்டுபோவது விதிமீறலாகவே இருந்தது. இப்போது ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். ஆனால் பத்துப் பூனைகளைப் பார்த்துக்கொள்பவர் இரண்டை உள்ளே அழைத்தாலும் எட்டு வெளியேதான் இருக்கும். தடை நீங்கியதைக் காட்டி அவரைக் கீழ்த்தளத்திலிருந்து விலகச் சொல்வது பெரும் தவறு. நகர மன்றங்கள் அவரைப் பெயர் பதிந்து, கூண்டும் கருத்தடைச் செலவும் தந்து, புகார் வந்தால் முதலில் அவரிடம் பேச வேண்டும்.