காயம் தெரியாவிட்டால் குற்றம் இல்லையா?

"காயம் ஒண்டும் இல்லையே மகள், ஸபுர் செய்ங்க." புருஷனிடம் அடி வாங்கி உம்மா வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு நம் ஊர்களில் பலர் இப்படித்தான் சொல்கிறோம்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 310 ஆம் பிரிவு, ஒருவருக்கு உடல் நோவை ஏற்படுத்துவதையே காயம் என்கிறது. கன்னம் வீங்க வேண்டும், இரத்தம் வர வேண்டும் என்று அதில் இல்லை.

அப்படியானால் கண்ணுக்குத் தெரியும் காயத்தால் என்ன மாறுகிறது? ஒன்று, குற்றத்தின் தரம். எலும்போ பல்லோ முறிந்தால் 311 ஆம் பிரிவின்படி அது கடுங்காயம், தண்டனையும் கூடும். மற்றது, சான்று. பொலிஸ் தரும் படிவத்தோடு போனால் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்து எழுதுவார். கன்றிய தடம் சில நாட்களில் மறைந்துவிடும். ஆகவே சுணங்கக் கூடாது. கழுத்தை நெரித்தால் உயிருக்கே ஆபத்து, ஆனாலும் வெளியே தடம் தெரியாமல் இருக்கலாம். குரல் அடைத்ததையும் விழுங்க நோவதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

உடலில் அடையாளமே விடாத கொடுமைக்கு 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உண்டு. பாரதூரமான மனக்கொடுமையும் அதில் அடங்கும். நீதவான் நீதிமன்றம் 14 நாள் வரை இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், விசாரித்தபின் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளையும் வழங்கலாம். இந்தக் கட்டளை தண்டனை அல்ல, காவல். அதை மீறுவது குற்றம்.

இனி மகள் வந்து நின்றால் காயத்தைத் தேட வேண்டாம். "எங்க நோகுது மகள்?" என்று கேட்போம். சட்டமும் அதைத்தான் கேட்கிறது.