ஆய்வுக் கட்டுரையும் விஞ்ஞானச் செய்தியும்

விஞ்ஞானி தாம் கண்டதை எழுதுகின்றார்; பத்திரிகையாளரும் அதனையே எழுதுகின்றார். முன்னது அரிய நடையினது, பின்னது எளிய நடையினது என்பதே இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு எனப் பலர் கருதுவர். அது புறவேறுபாடே. எவர் பொருட்டு எழுதப்படுகின்றது, படித்தவர் யாது செய்வர் என்பனவே இவற்றை உண்மையில் வேறுபடுத்துவன.

ஆய்வுக் கட்டுரை துறைவல்லாரை நோக்கி எழுதப்படுவது. ஆய்வாளர் தாம் கையாண்ட முறையையும் பெற்ற அளவீடுகளையும் அவற்றின் பிழையெல்லையையும் விரித்துரைத்தல் வேண்டும். பிரசுரத்திற்கு முன்னர் அத்துறை அறிஞர் சிலர் அதனைப் பரிசீலிப்பர். பிரசுரமான பின்னரும் அது முடிந்த முடிபு அன்று. ஏனையோரும் சோதித்துப் பார்க்குமாறு விடுக்கப்படும் அழைப்பேயாகும்.

செய்தியைப் படிக்கும் பொதுமக்களோ சோதித்துப் பார்ப்பவரல்லர். படித்ததை நம்பிச் செயற்படுபவர். எனவே, கண்டது யாது என்பதோடு, அது எத்துணை உறுதியுடையது என்பதையும் கூறுதல் பத்திரிகையாளரின் கடனாகும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். 1998 பெப்ரவரியில், இங்கிலாந்தின் லான்செற் என்னும் மருத்துவ சஞ்சிகையில் அன்ட்ரூ வேக்பீல்ட் என்பாரும் பிறரும் எழுதிய கட்டுரையொன்று வெளிவந்தது. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றிற்குமான தடுப்பூசிக்கும் ஓட்டிசத்திற்கும் தொடர்பு இருக்கலாம் என அது ஐயுற்றது. ஆராயப்பட்ட குழந்தைகள் 12 பேரே. தொடர்பு நிறுவப்படவில்லை எனக் கட்டுரையே ஒப்புக்கொண்டது. ஆயினும், செய்தியாளர் கூட்டத்தில் வேக்பீல்ட் அம்முக்கூட்டு ஊசியை நிறுத்தவேண்டுமென்றார். பத்திரிகைகள் பல அவ்வச்சத்தையே பெருக்கின. பன்னிரண்டு என்னும் சிற்றெண் மறைந்தது, அச்சம் நின்றது. இங்கிலாந்தில் ஊசி பெற்ற இரண்டு வயதுக் குழந்தைகளின் தொகை நூற்றுக்கு 90இற்கு மேல் இருந்து, 2003–04இல் 80 அளவிற்கு இறங்கியது. சின்னமுத்து அங்கு மீண்டும் நிலைகொண்டுவிட்டதென 2008இல் அறிவிக்கப்பட்டது.

இத்தவற்றைத் திருத்தியோர் யாவர்? ஒருபுறம் ஆய்வாளர். டென்மார்க்கில் 1991 முதல் 1998 வரை பிறந்த 5,37,303 குழந்தைகளை ஆராய்ந்தோர், ஊசி பெற்றவரிடையே ஓட்டிசம் மிகவில்லை என 2002இல் நிறுவினர். மறுபுறம் பிறயன் டியர் என்னும் பத்திரிகையாளர். தடுப்பூசி உற்பத்தியாளர்மீது வழக்குத் தொடுக்க முயன்ற சட்டத்தரணியிடமிருந்து வேக்பீல்ட் பணம் பெற்றமையை அவர் 2004இல் வெளிப்படுத்தினார். கட்டுரையிற் கூறப்பட்டவை குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளோடு முரண்பட்டமையையும் பின்னர்க் காட்டினார். 2010இல் சஞ்சிகை அக்கட்டுரையை மீளப்பெற்றது. வேக்பீல்டின் பெயரும் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

கட்டுரையைப் பரிசீலிக்கும் அறிஞர், எழுதியவர் நேர்மையாளர் என்று கொண்டே படிப்பர். மூலப்பதிவுகளைத் தேடிச் செல்லார். அவ்விடத்தில், யார் பணம் தந்தார், பதிவு எங்கே என வினவுதல் பத்திரிகையாளரின் தொழிலாயிற்று. ஆகவே விஞ்ஞானச் செய்தி ஆய்வின் எளிய மொழிபெயர்ப்பு மாத்திரம் அன்று. அதற்குத் தனக்கெனவொரு கடமையுண்டு. அக்கடமையை மறந்து வியப்பையும் அச்சத்தையும் மாத்திரம் விற்கும்பொழுது, அதன் விலையைக் குழந்தைகளே செலுத்த நேரும்.

ஆதலின் மாணவர்காள், விஞ்ஞானச் செய்தியொன்றைக் காணுந்தோறும், எத்தனை பேரை ஆராய்ந்தனர், பிறர் சோதித்து உடன்பட்டனரா என்னும் இரு வினாக்களை எழுப்பப் பழகுவீராக.