திண்ணையோடு நிற்கட்டும் காமிரா

திருவனந்தபுரம் கரமனையில் நாங்கள் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்பா காலமான பின் அம்மாவும் நாகர்கோவிலிலிருந்து எங்களோடு வந்துவிட்டார். நானும் மனைவியும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் மாலை வரை அவர் தனியாகத்தான் இருக்க வேண்டும். சென்ற ஆண்டு ஒருநாள் கூடத்தில் வழுக்கி விழுந்தவர், பக்கத்து வீட்டுச் சேச்சி வந்து தூக்கும்வரை அப்படியே கிடந்தார். அந்த வாரமே கூடத்தில் ஒரு காமிரா மாட்டினேன். அலுவலகத்திலிருந்தே கைபேசியில் அம்மாவைப் பார்க்க முடிந்ததில் பெரிய நிம்மதி.

டெக்னோபார்க்கில் பணிபுரியும் என் அக்கா மகன் ஒரு ஞாயிறன்று வந்தான். "மாமா, இதுக்குப் பாஸ்வேர்டு மாத்தினீங்களா?" என்று கேட்டான். நான் மாற்றவில்லை. 2016-இல் 'மிராய்' என்ற தீய நிரல், கடையில் வாங்கியபடியே விடப்பட்ட காமிராக்களையும் ரூட்டர்களையும் அறுபதுக்கு மேற்பட்ட வழக்கமான கடவுச்சொற்களைக் கொண்டு கைப்பற்றியதாம். அவற்றை ஏவி அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அமெரிக்காவில் டுவிட்டர் உள்ளிட்ட பல தளங்களைத் திணறடித்தார்கள். "காமிராவும் ஒரு கம்ப்யூட்டர்தான் மாமா. நீங்க வங்கிக் கணக்குப் பாக்கற கம்ப்யூட்டரும் இதுவும் ஒரே வலையில இருக்கு" என்றான்.

அதற்கு வழி வி-லேன். எங்கள் நாகர்கோவில் வீட்டில் திண்ணை உண்டு. வழிப்போக்கர் அங்கே உட்காரலாம், தண்ணீர் கேட்கலாம், அடுக்களைவரை வரமாட்டார். வி-லேனும் அப்படித்தான். ஒரே கம்பியில் ஓடும் தகவலை எண் கொடுத்துப் பிரிக்கிறது. 1998-இல் வெளியான 802.1கியூ என்ற தரப்படி, ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் 4 பைட் அளவில் ஓர் அடையாளச் சீட்டு ஒட்டப்படுகிறது. 4094 எண்கள் வரை கொடுக்கலாம். நமக்கு இரண்டே போதும்: வீட்டுக்கு 10, காமிராவுக்கு 20. பத்திலிருந்து இருபதைப் பார்க்கலாம். இருபது தானாக வந்து பத்தின் கதவைத் தட்டக்கூடாது என்று ரூட்டரில் விதி எழுதினோம். இதற்கென வி-லேன் வசதியுள்ள ரூட்டர் தனியே வாங்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "மக்களே, உன் கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போட்டாச்சு. என்னைய வெளியாளு யாரும் பாக்காம இருக்க என்ன செஞ்சீங்க?"

இருவரும் வாயடைத்துப் போனோம். வி-லேன் வீட்டுக்குள் சுவர் எழுப்பியதே தவிர, தெருக்கதவு திறந்தே கிடந்தது. அம்மாவின் படம் காமிரா நிறுவனத்தின் கணிப்பொறி வழியாகத்தான் எனக்கு வந்துகொண்டிருந்தது. இருபதாம் எண் இணையத்துக்கே போகக்கூடாது என்று இன்னொரு விதி சேர்த்தோம். உடனே என் கைபேசியிலும் படம் நின்றது! மறுவாரம் ரூட்டரில் வி.பி.என். அமைத்தோம். இப்போது கைபேசி மறைவழியில் முதலில் வீட்டுக்குள் வருகிறது. பிறகுதான் காமிராவைப் பார்க்கிறது. இணையமின்றியும் படம் தரும் வகைக் காமிரா என்பதால் இது முடிந்தது. அம்மாவின் கைக்கெட்டும் உயரத்தில் காமிராவுக்கு ஒரு சுவிட்சும் வைத்தோம்.

இவ்வளவும் செய்ய இயலாத அன்பர்கள், கடவுச்சொல்லையாவது மாற்றிவிட்டு, ரூட்டரில் 'விருந்தினர் வலை' இருந்தால் காமிராவை அதில் சேர்த்துவிடலாம். எதற்கும் முன்னால், அந்தக் கண்ணின் எதிரே உட்காரப் போகிற பெரியவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை, அம்மாதான் கேட்டார்.